காண்போரின் கடன்

விடுமுறைப் பயணம் செல்வோர் எந்நாட்டுக்குச் சென்றாலும் இரண்டு இடங்களைத் தவறாது காண்பர். ஒன்று பழங்கோயில், மற்றையது சந்தை. கம்போடியாவின் அங்கோரிலோ சாவகத்தின் போரோபுதூரிலோ காலைப் பொழுதைக் கழிக்கும் பயணி, மாலையில் அயலிலுள்ள கடைத்தெருவில் நிற்பான். கோயிலில் குரல் தாழ்த்தி வியக்கும் அவன், சந்தையில் குரல் உயர்த்திப் பேரம் பேசுவான். கோயிலைச் சமைத்தவையும் மனிதக் கைகளே. சந்தையில் பொருளை நீட்டுபவையும் மனிதக் கைகளே. மறைந்த கைகளுக்கு வணக்கமும் வாழும் கைகளுக்கு ஐயமும் வழங்கும் இந்நடத்தை அறத்தின்பாற் பட்டதா என்பது ஆராயற்பாலது.

இவ்வினாவை ஆராயக் கடல் கடக்க வேண்டியதில்லை. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரியே அதற்குத் தக்க களமாகும். நகருக்கு அணித்தாக உள்ள மகா சமன் தேவாலயம் 13ஆம் நூற்றாண்டில், தம்பதெனியாவிலிருந்து ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகுவின் காலத்தில் அமைக்கப்பட்டதென்பர். மணிக்கற்கள் கிடைக்க வேண்டி அமைச்சர் ஒருவர் நேர்ந்துகொண்ட நேர்த்தியின் பயனே அதுவென்பது மரபு. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் அதனை இடித்தனர்; பின்னர் அது மீண்டும் எழுந்தது. நகர்த் தெருவோரங்களிலோ, சிறு காகிதப் பொட்டலங்களில் மணிக்கற்களை வைத்துக்கொண்டு வணிகர் நிற்பர். இவ்வாறு கோயிலும் சந்தையும் ஒரே மண்ணின் செல்வத்தால் எழுந்து அருகருகே விளங்குகின்றன.

பேரம் பேசுதல் சந்தையின் வழக்கு, அதில் குற்றம் யாது எனச் சிலர் வினவலாம். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. பேரம் என்பது இருவர் சமநிலையில் நின்று நடத்தும் உரையாடல். கேட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு நகர்வதில், விற்பவரை இரவலராகக் கருதும் இகழ்ச்சியும் மறைந்திருக்கக் கூடும். ஆயின் சமநிலை இல்லாதவிடத்துப் பேரம் தன் இயல்பு திரிகிறது. வாங்குபவனுக்கு ஒரு தேநீரின் விலையாகும் தொகை, விற்பவளுக்கு இராச்சோற்றின் விலையாகலாம். அங்கே விலையை முடிவு செய்வது பொருளின் தரமன்று, அவளது தேவையே. பிறர் தேவையைத் தன் வெற்றியாக்கிக் கொள்வதே ஈண்டுக் குற்றமாகும்.

கோயிலைப் பற்றிய வியப்பும் குற்றமற்றதன்று. அங்கோரில் 1186இல் ஏழாம் சயவர்மன் நிறுவிய தா புரோம் கோயிலின் கல்வெட்டு, அதன் பணிக்கென 79,365 பேர் விதிக்கப்பட்டிருந்ததாகக் கூறுகிறது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டோ, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை அவரவர் பெயரும் வீடும் சுட்டிப் பதிந்துள்ளது. இலங்கையில் நிலத்துக்கு ஈடாகக் கட்டாய ஊழியம் பெற்ற இராசகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டபோதும், விகாரை, தேவாலய நிலங்களின் ஊழியம் விலக்களிக்கப்பட்டது. அதனைப் பணமாகச் செலுத்தும் வழியை 1870ஆம் ஆண்டுச் சட்டமே தந்தது. பழைமையின் அழகுக்குப் பின்னால் இத்தகைய உழைப்பு உண்டு. காலம் வியர்வையை உலர்த்திவிட்டுக் கல்லை மட்டும் காட்டுகிறது. உழைத்தோரை வினவாது கல்லை மட்டும் வியப்பவன், சந்தையில் செய்யும் பிழையையே கோயிலிலும் செய்கிறான்.

இவ்வுண்மை இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை நோக்கும்போது தெளிவாகும். பாதையில் விரையும் வாகனத்திலிருந்து காண்போர்க்கு அவை பசுமையான காட்சி. கொழுந்து பறிக்கும் பெண்ணும், விடியுமுன் இறப்பர் மரங்களுக்கிடையே பால் வெட்டச் செல்லும் ஆணும் அக்காட்சியின் அணிகலன்களாகி விடுகின்றனர். கூடை சுமந்த பெண்ணை மலைச்சரிவோடு சேர்த்துப் படம் பிடிப்பவர், அவளது இசைவைக் கேட்பதில்லை. தேவாலயம் எப்பொழுது எழுந்தது, எப்பொழுது இடிந்தது என்பதைப் பயணிக்கு வழிகாட்டி நூல்கள் கூறும். அவ்வூர் லயங்களில் தலைமுறைகளாக வாழும் மக்களின் ஆண்டுக்கணக்கை அவை அரிதாகவே கூறும்.

அக்கணக்கும் வரலாறே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டக் குடும்பங்கள் பல லயங்களை இழந்து வடக்கே வன்னிக்கும் இந்தியாவுக்கும் பெயர்ந்தன. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. ஒரு கோயில் இடிக்கப்பட்ட ஆண்டை அறிதல் அறிவாயின், ஒரு லயம் எரிக்கப்பட்ட ஆண்டை அறிதலும் அறிவேயாகும்.

1344இல் சிவனொளிபாதமலை ஏற வந்த இபன் பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி தமக்குத் துணையாக யோகிகள் நால்வரையும் உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேரையும் அனுப்பியதை எழுதிவைத்தார். மன்னனின் பட்டம் ஏட்டில் நிலைத்தது. சுமந்த பதினைவரும் எண்ணாக மட்டும் எஞ்சினர். தோட்டத்துச் செக்ரோலில் தொழிலாளியின் பெயர் நாள்தோறும் குறிக்கப்படுவது உண்மையே. எனினும் அது கூலிக்கணக்குக்காக எழுதப்பட்ட பெயர். மனிதரை மனிதராக அறிவதற்கு அக்கணக்கு போதாது.

அவ்வாறாயின் காண்போர் கண்களை மூடிக்கொள்வதா? அஃது அறமாகாது. காணாமை, வறியோரின் இருப்பையே மறுப்பதாகும். இரக்கமும் போதியதன்று. வாகனத்தை நிறுத்திச் சிறுவருக்கு நாணயம் வீசுவோர், தம் மனச்சுமையை இறக்கி வைக்கின்றனரேயன்றிப் பிறர் சுமையைக் குறைப்பதில்லை. பயணியொருவன் தனியே நின்று கூலியை உயர்த்தவோ வீடு கட்டவோ இயலாதென்பதும் மெய். ஆயினும் அவனால் இயல்வன சில உள. கல்லின் வரலாற்றைக் கேட்கும் அதே ஆர்வத்தோடு அருகில் வாழ்வோரின் வரலாற்றையும் கேட்கலாம். படம் பிடிக்குமுன் இசைவு கேட்கலாம். மறுத்தால் அம்மறுப்பை மதிக்கலாம். பேரம் பேசுகையில், தான் பெறும் இலாபம் எவருடைய குறைவிலிருந்து வருகிறதென எண்ணலாம். காட்சிக்கு ஈடாகக் காண்போர் செலுத்த வேண்டிய கடன் இதுவே.

இக்கடன் அயல்நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. கல்விச் சுற்றுலாவென்று ஆண்டுதோறும் தொல்லிடங்களைக் காணச் செல்லும் பல்கலைக்கழக மாணவரும் விரிவுரையாளரும் இதற்கு விலக்காகார். அவர்தம் குறிப்பேடுகளில் தூண்களின் அளவும் மன்னர்களின் ஆட்சியாண்டும் இடம்பெறுகின்றன. போகும் வழியிலுள்ள லயத்தின் வயதும், அங்கே வாழ்வோர் வந்த ஊரும் அவற்றின் அருகே எழுதப்படுதல் வேண்டும். அங்ஙனம் எழுதத் தொடங்கும்போதே பயணம் கல்வியாகும்.