உதிர்ந்த பிறகு அதற்குப் பெயர் மயிர்

தலையில் இருக்கும்வரை அது கூந்தல். சீப்பில் சுருண்டு வந்தால் முடி. சோற்றில் கிடந்தால் மயிர். பொருள் ஒன்றுதான், இடம் மாறினால் மரியாதையும் மாறிவிடுகிறது. ஒருவரை ஒன்றுக்கும் ஆகாதவர் என்று திட்ட நம் தெருக்களில் இருக்கும் மிகச் சுருக்கமான சொல்லும் அதுதான்.

வள்ளுவரிடமே இந்த இரட்டை நிலை இருக்கிறது. மானம் அதிகாரத்தில் 964ஆம் குறள், நிலை தாழ்ந்தவரைத் தலையிலிருந்து விழுந்த மயிருக்கு ஒப்பிடுகிறது. ஐந்து குறள் தள்ளி 969இல், மயிர் போனால் உயிரையும் விட்டுவிடும் கவரிமா, மானமுள்ளவருக்கு உவமையாக வருகிறது. ஒரே அதிகாரத்தில் மயிர் குப்பையாகவும் இருக்கிறது, உயிருக்குச் சமமாகவும் இருக்கிறது. நான்கு வருடமாக இந்த இரண்டு குறளுக்கும் நடுவில் நின்றுதான் நான் தலை வாரிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வயது 29. நெற்றியோர முடி அப்படியே இருக்கிறது; வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகிறது. மாடியில் நின்றால் உச்சந்தலையில் வெயில் நேராக இறங்குவது தெரியும். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இரண்டு வகை. "முடிதானே, போனா போகுது விடு" என்பவர்கள் 964. "ஐயோ, பொம்பளப்புள்ளைக்கு இப்டி ஆயிடுச்சே" என்பவர்கள் 969. இரண்டு பேருக்கும் பதில் சொல்ல முயலும்போது எனக்கு எழும் கேள்வி இது: முடிக்காக வருத்தப்படுவது நியாயமான துக்கமா, இல்லை வெறும் அழகுப் பைத்தியமா?

முதலில் பழியைப் பேசிவிடலாம். நம் வீடுகளில் முடி கொட்டுவது நோயாகப் பார்க்கப்படுவதில்லை, நடத்தைக்கான தீர்ப்பாகவே பார்க்கப்படுகிறது. "எண்ணெ வச்சாத்தானே நிக்கும்?" "ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனு." பெண்ணின் தலை அவள் ஒழுங்கின் ரிப்போர்ட் கார்டு.

உடல் இப்படி யோசிப்பதில்லை. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள். ஒவ்வொன்றும் சில வருடம் வளர்ந்து, சில வாரம் தயங்கி, மூன்று மாதம்போல ஓய்ந்து, பிறகு உதிரும். நாளைக்கு 50 முதல் 100 உதிர்வது சாதாரணம். கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் என்று ஏதாவது உடலை உலுக்கினால் நிறைய முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக வரும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும், நாம் போன வாரம் மாற்றிய ஷாம்பூவைத் திட்டிக்கொண்டிருப்போம். இந்த வகை பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் ரத்தப் பரிசோதனையில் தெரியும். இறுக்கிப் பின்னிப் பின்னி நெற்றியோரம் போவது வேறு. வட்டமாக விழும் புழுவெட்டு வேறு. அதில் புழு எதுவும் கிடையாது, உடலின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குகிறது.

என்னுடையது இவை எதுவும் இல்லை. வேர்ப்பைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, முடி மெலிந்து மெலிந்து பூனைமுடி ஆகிவிடும் வகை. பரம்பரைக்கு அதில் பங்கு உண்டு. 1977இல் லுட்விக் என்ற தோல் மருத்துவர் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். நான் இரண்டாவதில் கால் வைத்திருக்கிறேன்.

பெயர் கிடைத்தபோது முடி ஒன்றும் திரும்பவில்லை. ஆனால் பழி உதிர்ந்தது. ஒன்றுக்குக் காரணம் இருப்பதும் அதற்குக் குற்றவாளி இருப்பதும் வேறு வேறு. நோயோடு வாழ்பவர்களிடம் நாம் இந்த இரண்டையும் தினமும் குழப்புகிறோம்.

சரி, பழி போனாலும் துக்கம் மிஞ்சுகிறதே. அது எதற்கு?

பழனியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசி வரும் பெண்ணிடம் தெருவே "நல்ல தரிசனமா?" என்று விசாரிக்கிறது. நூறு வருடத்துக்கு முன் பல பிராமண வீடுகளில் கணவன் இறந்ததும் பெண்ணின் தலையை மழித்தார்கள். அந்த மொட்டை அவளை மனையிலும் மங்கல காரியத்திலும் இருந்து விலக்கி வைக்கும் அடையாளம். கீமோதெரபி தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில் முடி சேர்கிற பெண்ணின் மொட்டை இன்னொன்று. மூன்று தலையும் பார்க்க ஒன்றுதான். முதலாமவள் கொடுத்தாள். இரண்டாமவளிடமிருந்து பிடுங்கினார்கள். மூன்றாமவள் இழந்தாள்.

இதைப் பார்க்கும்போது விஷயம் முடியில் இல்லை, சம்மதத்தில் இருக்கிறது என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் அது பாதிதான் சரி. யாரும் பார்க்காத குளியலறைக் கண்ணாடியிலும் எனக்கு வலிக்கிறது. என் முகம் என்று நான் மனதில் வைத்திருக்கும் படத்தில் அந்த முடியும் இருக்கிறது. அது போவது, பழகிய ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்வதுபோல. இதை அழகுப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கேன்சர் வந்தவங்களையே பாரு" என்பார்கள். பார்த்திருக்கிறேன். உயிர் பிழைப்பதே பெரிய விஷயமாக இருக்கும்போதும் அவர்களில் பலர் முடிக்காக அழுகிறார்கள். துக்கம் ரேஷன் கடைச் சரக்கு இல்லை, பெரிய துக்கக்காரர் வாங்கியது போக மிச்சம்தான் நமக்கு என்பதற்கு.

அடுத்த சிக்கல் மறைப்பது. நான் வெளியே போகும்போது உச்சியில் டாப்பர் வைக்கிறேன், கிளிப்பில் மாட்டும் சின்ன முடித்துண்டு. இது பொய்யா? என் பாட்டி கல்யாண வீடுகளுக்குச் சவுரி வைத்துத்தான் பின்னுவார். அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. சவுரி என்ற சொல்லுக்குக் கவரிமாவின் வால்மயிர் என்றும் ஒரு பொருள் உண்டு. குறளில் மயிர் போனால் சாகும் அதே விலங்கு, நம் வீட்டு அலமாரியில் இரவல் முடியின் பெயராக இருக்கிறது! திருமலையில் காணிக்கையாக விழும் முடி ஏலத்துக்குப் போகிறது. அப்படிப்பட்ட முடியில்தான் விக்குகள் செய்கிறார்கள். ஒருத்தி சாமிக்கு விட்டது இன்னொருத்தியின் தலைக்கு வருகிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தெருவுக்கு என் உச்சந்தலையைப் பற்றிய உண்மையை நான் கடன்பட்டிருக்கவில்லை. ஆனால் பெண் பார்க்க வந்தவரிடம்? அம்மா, "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்டி" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரே அறையில் தூங்கப் போகிறவரிடம் மறைத்தால், தினமும் மறைக்க வேண்டும். அந்த வேலை அவரை ஏமாற்றுவதைவிட என்னைத்தான் அதிகம் தேய்க்கும். தனியாகப் பேசும்போது சொன்னேன். "எங்கப்பாவுக்கும் வழுக்கைதாங்க" என்று சிரித்தார். பத்து நாள் கழித்து ஜாதகம் சரியில்லை என்று தகவல் வந்தது. உண்மையான காரணம் ஜாதகமா, வகிடா என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. ஆனாலும் அடுத்து வருபவரிடமும் சொல்வேன். நல்ல பதில் கிடைக்கும் என்பதால் இல்லை. பயந்து தொடங்கும் வீட்டில் எனக்கு மூச்சு முட்டும்.

கடைசியாக, இணையத்தில் தோழிகள் சொல்லும் "உன்னை அப்படியே ஏத்துக்கோ". நல்ல வார்த்தைதான். அதைக் கேட்டு மருந்தை நிறுத்த வேண்டுமா? நான் மினாக்ஸிடில் போடுகிறேன். ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து. முடி வளர்வது அதன் பக்கவிளைவாகத் தெரிந்தது. முதல் சில வாரம் இன்னும் கொட்டும், பலன் தெரிய நான்கைந்து மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்தது போய்விடும், கர்ப்ப காலத்தில் கூடாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போடுவதும் ஏற்றுக்கொள்வதில் ஒரு வகைதான். கண்ணாடி போட்டுக்கொள்பவர் தன் கண்ணை வெறுக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை.

உங்கள் தோழி சீப்பைக் காட்டினால் 964ஐயும் சொல்லாதீர்கள், 969ஐயும் சொல்லாதீர்கள். எண்ணெய்ப் பெயரும் வேண்டாம். "எப்போதிலிருந்து? டாக்டர்ட்ட போனியா? ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு பாத்தியா?" என்று கேளுங்கள். பயோட்டின் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தால் பரிசோதனைக்கு முன் அதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், தைராய்டு அளவையே அது தப்பாகக் காட்டிவிடும். உச்சியில் தழும்புபோல வழவழப்பாகவோ எரிச்சலாகவோ இருந்தால் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த வகையில் போன முடி திரும்பாது. அப்புறம் அவள் அழுதால் அழட்டும். ஒரு லட்சத்தில் எத்தனை போயிற்று என்று எண்ண வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்.