திருமேனி தீண்டும் உரிமை

கோயிற் பூசனைக்கு உரியார் யாவர் என்னும் வினா காஞ்சிமாநகரத்தார்க்குப் புதியதன்று. திருவேகம்பத்துக்கும் காமகோட்டத்துக்கும் இடையே விளங்கும் குமரகோட்டத்தில் அருச்சகராயிருந்தவரே கந்தபுராணம் அருளிய கச்சியப்ப சிவாசாரியர். தறியிலமர்ந்து பட்டு நெய்யும் செங்குந்தர் தம் முன்னோராகப் போற்றும் நவவீரர் வரலாற்றை அந்நகரத்தார் அவர் நூல்வழியே கேட்டுவருகின்றனர். பூசனை புரியும் கைக்கும் நெய்யும் கைக்கும் உள்ள உறவு அத்துணைப் பழையது. ஆயினும், பூசிக்குங் கை எக்குலத்துக் கையாதல் வேண்டும் என்பதிலேயே நம் காலத்து வழக்கெல்லாம் வந்து நிற்கின்றது. அதனை ஒரு சிறிது ஆராய்வாம்.

பண்டைத் தமிழகத்திற் பூசகர் ஒரு குலத்தாரே என்பர் ஒருசாரார். பார்ப்பார்க்கு அங்கு இடமேயில்லை என்பர் மற்றொருசாரார். இரண்டும் பொருந்தா. திருமுருகாற்றுப்படையை நோக்குக. திருவேரகத்தில், 48 யாண்டு பிரமசரியங் காத்து முத்தீ ஓம்பும் இருபிறப்பாளர் ஈர ஆடையுடன் மந்திரம் ஓதி மலர் தூவுகின்றனர். குன்றுதோறாடலில் வேலன் வருகின்றான். பழமுதிர்சோலையிலோ, வெறிக்களத்தை அணிசெய்து பலியிட்டு முருகனை வருவிப்பவள் ஒரு குறமகள். மூவிடத்தும் எழுந்தருள்பவன் ஒரு முருகனே. ஒருவரை உயர்த்தி ஏனையோரை இகழும் சொல் நக்கீரர்பால் இல்லை. இந்நூல் பதினோராந் திருமுறையுட் கோக்கப்பெற்றது. அதனை நாள்தோறும் பாராயணஞ் செய்வோருங்கூடக் குறமகள் வரும் இடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனரோ என்பது எம் ஐயம்!

அற்றேல், அன்புடையார் எவரும் எவ்வாறும் பூசிக்கலாமெனின், அதுவும் அன்று. சாக்கிய நாயனார் காஞ்சியை அடைந்து பௌத்த வேடந் தாங்கியவர். அவ்வேடத்தோடே சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்து வழிபட்டார். கல் அவர்க்கு மலராயிற்று. ஆயின், கருவறையில் நின்று ஊரார்க்காகப் பூசிப்பவன் கல்லெடுத்தல் ஒவ்வாது. என்னை? அவர் செய்தது ஆன்மார்த்தம். இவன் செய்வது பரார்த்தம். தறியைவிட்டு எழ இயலாத நெசவாளனுக்காகவும் நோயிற் கிடப்பானுக்காகவும் இவன் நீராட்டி அமுது படைக்கின்றான். கோர்வைச் சேலை நெய்வோர் இதனை எளிதின் உணர்வர். உடலை நெய்பவனுக்கு அருகே, கரையின் நாடாவை எறிய ஒரு துணைவன் இருக்கின்றான். அவன் தன் விருப்பப்படி எறிவானாயின் கரை உடலோடு இணையாது. விதி அருச்சகனை இறுகப் பிணிப்பது இதுபற்றியே. காளத்தியில் கண்ணப்பரின் அன்பைக் காட்டிய பெருமான் சிவகோசரியாரின் ஆகம பூசனையைப் பழித்திலன் என்பதும் ஈண்டு நினைக்கற்பாலது.

கச்சியப்பரிடத்துக் காணத்தக்கது பிறிதொன்று. நாள்தோறும் பாடிய செய்யுட்களை முருகன் திருவடியில் வைத்துத் திருக்காப்பிட்டு, மறுநாள் அவை திருத்தப்பெற்றிருக்கக் கண்டார் என்பது வழிவழி வந்த வரலாறு. அத்தகைய நூலை அரங்கேற்றியபோதும், காப்புச் செய்யுளின் முதற்கண் வந்த சொற்புணர்ச்சிக்கு இலக்கணம் யாதென அவையோர் தடுத்தனர். முருகன் எடுத்துக்கொடுத்த சொல் என்றபோதும் உடன்பட்டிலர். வீரசோழியத்தில் விதி காட்டிய பின்னரே அமைந்தனர் என்ப. அருச்சகர் என்பதுகொண்டு அவர்க்கு அவையில் விலக்களிக்கப்படவில்லை.

இனிப் பிறப்புரிமை பற்றி. ஆதிசைவர் குலத்துதித்துச் சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அருணந்தி சிவாசாரியர், வேளாளர் குலத்துத் தோன்றிய இளஞ்சிறாராகிய மெய்கண்டாரைக் குருவாகக் கொண்டு வணங்கினார். ஞானம் வேறு, கிரியை வேறு. பரார்த்தம் ஆதிசைவர்க்கே உரியது என்று இதற்கு விடை கூறுவர். இத்தடை வலியுடையதே. முப்பொழுதும் திருமேனி தீண்டுவார் என்னுந் தொகையடியாரை ஆதிசைவர் என்றே சேக்கிழாரும் கொண்டனர். ஆயின், ஆகமங்கள் ஆதிசைவனாய்ப் பிறந்தானையும் அப்பிறப்பளவிற் கருவறையுட் புகவிடவில்லை. தீக்கைகளும் ஆசாரியாபிடேகமும் பெற்ற பின்னரே விடுகின்றன. பிறப்பே அமையுமாயின் இவை எற்றுக்கு? ஞானாசிரியப் பதம் குலத்தைக் கடந்து சென்றிருக்க, அதனினும் தாழ்ந்த படியாகிய கிரியை மட்டும் குருதியிற் கட்டுண்டு கிடக்குமென்றல் எமக்கு உடன்பாடன்று.

1970-இல் தமிழ்நாட்டரசு வழிமுறையுரிமையை நீக்கிச் சட்டந் திருத்திற்று. 1972-இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்று, நியமனம் உலகியற் செயலென்றும், ஆயினும் ஆகம விதிக்கு மாறாக அருச்சகரை அமர்த்தலாகாதென்றும் தீர்ப்பளித்தது. 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஆகமத்தை விட்டு விலகவில்லை. 2021 ஆகஸ்டில், பயிற்சிபெற்ற பல குலத்தார் அருச்சகராக நியமனம் பெற்றனர். அவரை யாம் வரவேற்கின்றோம். நியமன ஆணை கொடுப்போர், அவர்தம் தீக்கைக்கும் ஆசாரியாபிடேகத்துக்கும் உரிய ஆசிரியரைத் தேடித் தருதலும் வேண்டும். வழிவழி வந்தாரிடத்தும் அவற்றை அங்ஙனமே வினவுதல் வேண்டும். சேவிப்பார் ஒருவருமில்லாத உச்சிக்காலத்திலும் திருவமுது படைக்கப்பெறுகின்றதா என்று காஞ்சியின் சிறு கோயில்களிற் சென்று நோக்குதல் அறங்காவலர் கடன்.