‘ஜோய்’ திரைப்படமும் முயற்சி என்னும் அறமும்

முயற்சியுடையார் அனைவரும் வெல்வர் என்பது உண்மையாயின், வெல்லாதார் அனைவரும் முயலாதவர் என்பதும் உண்மையாதல் வேண்டும். முதற் கூற்றை மேடைதோறும் முழங்குவோர் இரண்டாவதை வாய்விட்டுச் சொல்லக் கூசுவர். எனினும், ஒன்றை ஒப்புக்கொண்டவர் மற்றதிலிருந்து தப்புதல் இயலாது. 2015 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘ஜோய்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம், தான் அறியாமலே இச்சிக்கலை நம் முன் வைக்கின்றது.

டேவிட் ஓ. ரசல் இயக்கிய இப்படம், நியூ யோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில் வாழ்ந்த ஜோய் மங்கானோ என்னும் அம்மையாரின் வாழ்க்கையைத் தழுவியது. மணமுறிவின் பின் பிள்ளைகளைத் தனியே வளர்த்துவந்த அவர், 1990 ஆம் ஆண்டளவில், கை நனையாமற் பிழியத்தக்க மொப் ஒன்றை ஆக்கினார். ஏறத்தாழ 300 அடி நீளமான பருத்தி நூல் அறாத வளையமாகத் தொடுக்கப்பட்ட அதன் பிடியை முறுக்கினால் நீர் வடிந்துவிடும். 1992 இல், வீட்டிலிருந்தபடியே பொருள் வாங்கச் செய்யும் கியூ.வி.சி. தொலைக்காட்சியில் அவரே தோன்றி அதனை இயக்கிக் காட்டியபோது, அரை மணி நேரத்துக்குள் 18,000 மொப்புகள் விற்றுத் தீர்ந்தன. பின்னர் அவர் பெருஞ் செல்வரானார். ஜோயாக நடித்த ஜெனிபர் லோறன்சின் நடிப்பு பாராட்டத்தக்கது. கண்களாலேயே களைப்பைக் காட்டுகிறார்.

படத்தின் முற்பகுதியே சிறந்த பகுதி எனலாம். வீட்டின் கீழறையிலே மணமுறிவு பெற்ற கணவனும் தந்தையும், மேலே கட்டிலை விட்டெழாது தொலைக்காட்சித் தொடர்களில் மூழ்கிக் கிடக்கும் தாய், உடைந்த குழாய், அனைத்துக்கும் அவள் ஒருத்தியே ஆள். தந்தையின் செல்வத் தோழியினது படகிலே மதுக்கிண்ணம் உடைகின்றது. சிதறிய மதுவையும் கண்ணாடித் துகளையும் துடைத்து, மொப்பை வெறுங்கையாற் பிழிகையில் ஜோயின் உள்ளங்கை கிழிந்து குருதி வடிகின்றது. மகளின் வர்ணக் குச்சிகளைக் கொண்டு அவள் தன் கருவியின் முதற்படத்தை வரைவது அதன் பின்னரே.

இக்காட்சியிலே ஆழ்ந்த உண்மையொன்று உண்டு. நிலந் துடைத்தலும் பாத்திரம் விளக்கலும் அறிவோடு தொடர்பற்ற வேலைகள் என்று எண்ணிப் பழகிவிட்டோம். பல்கலைக்கழகம் வரை சென்று வந்த நம்மிற் பலருக்கும் அவ்வெண்ணம் இன்னும் அற்றுவிடவில்லை. ஈரத்துணியின் பாரம், அழுக்கு நீரைத் தொடும் அருவருப்பு, குனிந்த முதுகின் வலி ஆகியவற்றை நாடோறும் அனுபவித்தவளுக்கன்றி இக்கருவி வேறெவருக்குத் தோன்றியிருக்கும்? உழைக்கும் கை தானே சிந்திக்கவும் வல்லது என்பதை இத்துணை எளிமையாகக் காட்டிய படங்கள் சில. ஆனால் மொப் மாறிய பின்னரும் அதைப் பிடிக்கும் கை மாறவில்லை. துடைப்பது பெண்ணின் கடமை என்ற ஏற்பாட்டை அது இலகுவாக்கிற்றேயன்றி அசைக்கவில்லை. இதனைப் படம் ஒரு குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை.

மங்கானோவின் வாழ்க்கையில் இன்னொரு செய்தி உண்டு. விலங்கு மருத்துவமனையொன்றில் வேலை செய்த இளம் பருவத்திலே, இருளில் ஒளிரக்கூடிய தெள்ளுப்பட்டி ஒன்றை, வாகனங்களில் அடிபடாதவாறு செல்லப்பிராணிகளைக் காக்கும் பொருட்டு, அவர் எண்ணத்தில் உருவாக்கினார். அதைச் செய்து சந்தைக்கு அனுப்பும் வசதி அவரிடம் இருக்கவில்லை. சிறிது காலத்தில் ஒரு கம்பனி அத்தகையதொன்றை விற்கத் தொடங்கிற்று. மூளை அதுவே, உறுதியும் அதுவே. வேறுபட்டது முதல் ஒன்றே. படத்திலும் அந்தச் செல்வத் தோழி பணமிடுகிறாள். 50,000 மொப்புகள் செய்வதற்காக வீடு ஈடு வைக்கப்படுகின்றது. ஈடு வைக்க வீடில்லாதவளின் கதை எவ்வாறு முடிந்திருக்கும்?

தன் கருத்துக்கு ஒத்துவரும்படி படம் உண்மையைத் திருத்தியுமிருக்கின்றது. மங்கானோ 1978 இல் பேஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் பெற்றவர். படத்து ஜோயோ, பெற்றோரின் மணமுறிவு காரணமாகக் கல்லூரி வாய்ப்பைக் கைவிட்டவள். கல்வி தந்த வலுவை நீக்கிவிட்டால் மன உறுதி மட்டும் தனித்து ஒளிரும் அல்லவா? ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு இத்திருத்தம் சற்றே உறுத்திற்று.

உயர்தர வகுப்பில் இப்படம் பற்றிப் பேச்செழுந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “சேர், அந்த அரை மணி நேரத்தில் ஒரு மொப்பும் விலைபோகாமல் விட்டிருந்தால், இந்தப் படத்தை எடுத்திருப்பார்களா?” எடுத்திருக்க மாட்டார்கள். ஆயினும் அவளது துணிவும் உழைப்பும் அப்பொழுதும் அணுவளவேனும் குறைந்திரா. வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்திலே, நற்பேறு வாய்க்காமை எவர்க்கும் பழியன்று என்றும், அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்றும் பிரித்துரைத்தார். முயற்சியைப் புகழவந்த இடத்திலேயே தோற்றவனைக் காத்துக்கொண்ட அந்த நேர்மை, வெற்றிக் கதைகளை விற்கும் இன்றைய உலகில் அருகிவிட்டது. அங்கே கடனில் மூழ்கியவள் முயலாதவளாகவே எண்ணப்படுவாள்.

படத்தின் பிற்பகுதியில், அச்சுப் பாகங்களைச் செய்து கொடுப்போர் அவளது கண்டுபிடிப்பையே தமதாக்கிக்கொள்ள முனைகின்றனர். அவள் தன் கூந்தலைத் தானே கத்தரித்துவிட்டு, டெக்சஸ் சென்று, பத்திரங்களை முன்வைத்து மோசடிக்காரனை மடக்குகின்றாள். இது திரைக்கதையின் மிகை என்று தள்ளிவிட முடியாது. அதே அமெரிக்காவில் மார்கரெட் நைட் என்னும் பெண், தட்டையான அடிப்பாகமுள்ள காகிதப் பைகளைச் செய்யும் இயந்திரத்தை ஆக்கியபோது, அதன் மாதிரியைக் கண்ட ஆணொருவன் முந்திச்சென்று உரிமை கோரினான். அவர் வழக்காடி, தம் வரைபடங்களையும் சாட்சிகளையும் முன்னிறுத்தி வென்று, 1871 இல் ஆக்கவுரிமை பெற்றார். அதே நைட் சிறுவயதில் பருத்தி ஆலைத் தொழிலாளியாய் இருந்தவர். தறியின் நாடா பாய்ந்து தொழிலாளர் காயமுறுவதைக் கண்டு, அதைத் தடுக்கும் சாதனமொன்றை அக்காலத்திலேயே அமைத்தார். அதற்கு அவர் ஆக்கவுரிமை பெறவில்லை. பிறர் உடலைக் காத்த அந்த ஆக்கத்தை எந்தச் சந்தை அளந்தது?

இவ்விடத்தில், ஜோயின் தந்தையினது பட்டறையில் மொப்புகளைத் தொடுக்கும் பெண்களை நினைக்கின்றேன். அவர்களுள் பிள்ளைகளுடையோரும் கடன்பட்டோரும் இருந்திருக்கலாம். கருவியொன்றை மனத்திலே வரைந்து வைத்திருந்தோரும் இருந்திருக்கலாம். விற்பனை பெருகப் பெருக அவர்கள் திரையிலிருந்து விலகிப்போகின்றனர். இறுதியில் செல்வியாய் அமர்ந்திருக்கும் ஜோய், தன் கண்டுபிடிப்போடு வந்த இளம் பெண்ணொருத்தியை அன்போடு வரவேற்று உதவுகின்றாள். அவளது நன்மனத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இளம் பெண் வெளியூரிலிருந்து தேடி வந்தவள். பட்டறைப் பெண்களுள் எவரும் அந்த மேசைக்கு முன் அமர்ந்ததாகப் படம் காட்டவில்லை.