சங்கிலி யாருக்கு?

சித்தம் கலங்கியவனைக் கண்டால் நாம் எட்ட நிற்கிறோம். அடித்துவிடுவானோ என்று பயம். இந்தப் பயம் நியாயந்தானா என்று யோசித்துப் பார்த்ததுண்டா?

நம்மில் இராமநாதபுரம் சீமையைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கு ஏர்வாடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மனநோயாளிகளைத் தர்காவுக்கு அழைத்து வரும் உறவினர்கள், பக்கத்தில் தனியார் நடத்திய விடுதிகளில் பணம் கட்டி விட்டுச் செல்வார்கள். ஓடிவிடுவான், அடித்துவிடுவான் என்று காலில் சங்கிலி போட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலையில் அத்தகைய விடுதி ஒன்று தீப்பற்றியது. 28 பேர் மாண்டார்கள். யாரையும் அடித்ததால் அல்ல. ஓட முடியாததால் மாண்டார்கள்.

அமெரிக்காவில் மனநோய் ஆஸ்பத்திரிகளிலிருந்து வீடு திரும்பிய ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அறிஞர்கள் தொடர்ந்து கவனித்து, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். குடியும் போதையும் இல்லாத நோயாளிகள், அதே வட்டாரத்தில் போதையில்லாமல் வாழ்ந்த மற்றவர்களைவிட அதிகமாக அடிதடியில் இறங்கவில்லை. வன்முறையை முன்கூட்டிக் காட்டிய அடையாளங்களில் பலமானது எது தெரியுமா? இரக்கமின்மையும் வஞ்சகமும் சேர்ந்த குணம்! எவரையும் நம்பாமல் பகைவராகவே பார்க்கும் சந்தேகக் குணத்துக்கும் அதில் பங்கு இருந்தது. (போதை சேர்ந்தால் கணக்கே வேறு, அது நோயாளிக்கு மட்டுமா?)

கர்வம், சூழ்ச்சி, கல்நெஞ்சம் ஆகிய மூன்றையும் சேர்த்து ‘இருண்ட மும்மை’ என்று 2002-ல் கனடாவில் பால்ஹஸ், வில்லியம்ஸ் என்ற இருவர் பெயரிட்டார்கள். பெயர்தான் புதிது. கூட்டாளியின் முதலை விழுங்கிவிட்டுச் சிரித்த முகத்தோடு சலாம் சொல்பவனை வியாபாரிகளாகிய நாம் அறியாதவர்களா?

புத்தி சுவாதீனமில்லாதவன்மீது ஷரீஅத் கடமையைச் சுமத்தவில்லை. தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத சித்தப் பிரமையில் செய்த செயலை, மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 84-வது பிரிவும் குற்றமாகக் கொள்வதில்லை. அப்படியானால் கல்நெஞ்சனுக்கும் அது பிறவிக் குணந்தானே என்று சிலர் வாதிப்பார்கள். நாம் ஒப்பமாட்டோம். அவன் போலீஸ்காரர் முன்னால் கைகட்டி நிற்கிறான். மனைவியிடமும் கடைப் பையனிடமும்தான் கை ஓங்குகிறான். ஆள் பார்த்து அடிக்கத் தெரிந்தவனுக்கு அடக்கிக்கொள்ளவும் தெரியும்.

2017-ஆம் வருஷத்து இந்திய மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடுத்துவிட்டது. நாமோ இன்னமும் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவனைக் கண்டு கடைக் கதவைச் சாத்துகிறோம். மற்றவனுக்கு, கெட்டிக்காரப் பிள்ளை என்று பெண் கொடுக்கிறோம்.