எச்சரிக்கும் ஒளி, ஏமாற்றும் ஒளி

மதுரைக்கு வடமேற்கே, வைகையை ஒட்டிய பரவையில் பொழுது சாய்ந்த பிறகும் வெளி முழுக்க அடங்கிவிடுவதில்லை. காய்கறி ஏற்றிய வண்டிகள் விடியுமுன்னே மார்க்கெட்டுக்கு வந்து சேர வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட விவசாயி கிணற்றடிக்குப் போவார். மதுரையைச் சுற்றிய சமவெளியில் அறுவடை முடிந்த நிலங்களில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட்டுக் காவல் கிடப்பார்கள். அதே இருட்டை நம்பித்தான் முயல் வரப்போரம் மேய வருகிறது. கொக்குகள் கண்மாய் மரங்களில் அடைகின்றன. இந்த இரவு மனிதருக்கும் விலங்குக்கும் பொது.

இந்தப் பொது இரவில் வேட்டைக்காரர் கொண்டுவரும் ஒளி படிப்படியாக வலுத்துவந்திருக்கிறது. நெற்றியில் கட்டும் பேட்டரி லைட்டும் நெடுந்தூரம் அடிக்கும் டார்ச்சும் தமிழ்நாட்டில் பழகிப்போனவை. உலகின் பல நாடுகளில் அடுத்த படியும் வந்துவிட்டது. இருளைப் பகலாகக் காட்டும் நோக்கியைத் துப்பாக்கியில் பொருத்தி, குண்டு போக வேண்டிய இடத்தில் லேசர் புள்ளியை விழச் செய்கிறார்கள். கருவி சட்டப்படி கிடைக்கிறதா என்பது சிறிய கேள்வி. ஓர் உயிரின் கடைசிப் புகலிடமான இருட்டையும் அதனிடமிருந்து எடுத்துவிட்டுக் கொல்வது அறமா என்பதே பெரிய கேள்வி.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. கொல்வது மட்டுமே வேட்டை அல்ல. கண்ணி வைப்பதும், விரட்டுவதும், அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான். ஆனால் அறத்தை யோசிப்பவருக்கு அதிகம் கற்றுத் தருவது அதே சட்டத்தில் முன்பு இருந்து, 1991 திருத்தத்தில் நீக்கப்பட்ட 17ஆம் பிரிவு. உரிமம் பெற்றுச் சுட அனுமதி இருந்த காலத்து விதி அது. சுடலாம் என்று சொன்ன அந்தச் சட்டமே, செயற்கை ஒளியைப் பயன்படுத்தக் கூடாது, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை வேட்டையாடக் கூடாது, நீர் குடிக்க வரும் இடத்தில் காத்திருந்து கொல்லக் கூடாது என்று வரம்பு கட்டியது. ஐரோப்பிய நாடுகள் 1979இல் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையும் பல விலங்குகளுக்கு இதே வேலியைப் போட்டது. செயற்கை விளக்கு, கண்ணைக் கூசவைக்கும் கருவி, இலக்கின் மேல் ஒளி பாய்ச்சும் கருவி, மின்னணு முறையில் உருவத்தைப் பெருக்கிக் காட்டும் இரவு நோக்கி ஆகியவை அதன் தடைப்பட்டியலில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கின்றன.

கொலையை அனுமதித்தவர்களுக்கும் ஒளி மட்டும் ஏன் உறுத்தியது? வழக்கமாகச் சொல்லப்படும் விடை, விலங்குக்குத் தப்பும் வாய்ப்புத் தர வேண்டும் என்பது. இது வேட்டைக்காரரின் பெருந்தன்மையிலிருந்து பிறந்த விடை. அதனால் பாதிதான் நிற்கிறது. குண்டு பட்டு விழும் முயலுக்குப் போட்டி நேர்மையாக நடந்ததா இல்லையா என்பதில் எந்த ஆறுதலும் இல்லை. விளையாட்டின் விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் கொலை விளையாட்டாகிவிடாது.

உறுதியான விடை வேறு இடத்தில் இருக்கிறது. வேட்டையில் இதுவரை மனிதனைக் கட்டுப்படுத்தி வந்தவற்றில் பெரும்பகுதி அவனுடைய மனசாட்சி அல்ல, அவனுடைய இயலாமை. இருட்டு, தூரம், களைப்பு, தவறும் குறி ஆகியவைதான் ஓர் இரவில் எத்தனை உயிர் போகலாம் என்பதற்குக் கணக்கு வைத்தன. இருட்டுக்குப் பழகிய கண்ணில் திடீரென்று வெளிச்சம் பாய்ந்தால் முயல் திகைத்து நின்றுவிடும். ஓடுவதற்கென்றே அமைந்த உடல் ஓட மறந்துபோகும் அந்த நொடியைத்தான் வெளிச்சம் போடுபவர் பறித்துக்கொள்கிறார். இயலாமை போட்டிருந்த வேலியைக் கருவி பிடுங்கிவிட்ட பிறகு, அந்த இடத்தில் நிற்க வேண்டியது மனிதனின் தன்னடக்கம் மட்டுமே. அது வளராமல் கருவி மட்டும் வளர்வதுதான் இங்கே உள்ள ஒழுக்கக் கேடு.

தமிழ் மரபில் இரவு, ஒளி, விலங்கு மூன்றும் சேரும் காட்சி புதிதல்ல. குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனத்தின் பரண்மீது இருந்து காவல் காப்பவர்கள் தட்டை, குளிர் என்னும் ஓசைக் கருவிகளை ஒலித்தார்கள், கவண் எறிந்தார்கள், இரவில் தீக்கொள்ளி காட்டி யானையையும் பன்றியையும் விரட்டினார்கள். அவர்கள் காட்டிய நெருப்பு, இங்கே ஆள் இருக்கிறது, விலகிப் போ என்று விலங்குக்குச் சொன்னது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றின் 9ஆம் பாடல், பகைநாட்டில் அம்பு தொடுக்கும் முன் பசுக்களும் பெண்களும் பிணியுற்றோரும் பிறரும் பாதுகாப்பான இடம் சேர அறிவிப்புக் கொடுப்பதை அறத்தின் வழியாகப் போற்றுகிறது. போரிலும்கூட முன்னறிவிப்பைப் பெருமையாக எண்ணிய மண் இது.

இரவு நோக்கியின் லேசர் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. இத்தகைய நோக்கிகளோடு பயன்படும் லேசர்களில் பல, மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசுபவை. நோக்கியின் உள்ளே இருக்கும் குழல் அந்த ஒளியை உணர்ந்து, அதைப் பார்ப்பவருக்கு மட்டும் புள்ளியாகக் காட்டும். பன்றியின் கண்ணுக்கு அது தெரியாது. எதிரே வரும் மனிதருக்கும் தெரியாது. வலுவான வெளிச்சம் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும்; புலப்படாத ஒளிக்கு இமை மூடாது. அதனால் அது விழித்திரையைச் சுடும் ஆபத்தும் கூடுகிறது. எச்சரிக்க வந்த ஒளி, ஒளிந்துகொள்ளும் ஒளியாக மாறியிருக்கிறது.

இங்கே விவசாயியின் குரலைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது அநீதி. பேரையூர், டி. கல்லுப்பட்டிப் பக்கம் மக்காச்சோளம் போட்டவருக்குக் காட்டுப்பன்றி என்பது காட்டின் அழகு அல்ல. கடன் வாங்கிப் போட்ட வெள்ளாமையை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் இழப்பு. அந்த இழப்பைப் பார்த்த மனத்தாங்கலில்தான் மின்வேலியும், தீனிக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயும் பிறக்கின்றன. இரண்டுமே ஆள் யார், விலங்கு எது என்று பார்ப்பதில்லை. அவுட்டுக்காயைக் கடித்த விலங்கு தாடை சிதைந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் சாகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு நெறிமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கொல்வதே முடிவு என்று பொறுப்புள்ளவர்கள் தீர்மானித்துவிட்ட அந்தக் கடைசி எல்லையில், தெளிவாகப் பார்க்க உதவும் கருவியைத் தடுப்பதற்கு அறக்காரணம் இல்லை. அரைகுறை வெளிச்சத்தில் வயிற்றில் சுட்டு ஓடவிடுவதைவிட, இனம் கண்டு, குட்டியோடு நிற்கிறதா என்று பார்த்து, ஒரே குண்டில் முடிப்பது இரக்கம். பழைய சட்டமும் இந்த விலக்கை அறிந்திருந்தது. கொன்று போட்ட இரைக்குத் திரும்பும் ஊனுண்ணியைச் சுட மட்டும், சிறப்பு அனுமதி பெற்று இரவில் ஒளியைப் பயன்படுத்தலாம் என்றது. 1926இல் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் வீழ்த்தியதும் துப்பாக்கியில் பொருத்திய மின்விளக்கின் துணையோடுதான். நூற்றுக்கு மேற்பட்ட மனித உயிர்கள் போன பிறகு எடுத்த விலக்கு அது. விலக்கின் எடை அவ்வளவு இருந்தது.

இந்த விலக்கைக் காட்டிப் பொழுதுபோக்கு வேட்டைக்கும் நியாயம் கேட்பவர்கள் உண்டு. லேசர் இருந்தால் குறி தவறாது, விலங்கு துன்பப்படாது என்பது அவர்கள் வாதம். கொல்ல வேண்டிய தேவை முதலில் நிலைநாட்டப்பட்டால்தான் எப்படிக் கொல்வது என்ற பேச்சுக்கே இடம். தேவையில்லாத கொலையைத் துல்லியமாகச் செய்வதால் அது தேவையான கொலை ஆகாது. அந்தத் துல்லியமும் முழு உண்மையல்ல. லேசர் நேர்கோட்டில் போகும். குண்டு வளைந்து தாழும். இரண்டும் சந்திக்கும்படி சரிசெய்து வைத்த தூரத்துக்கு முன்னும் பின்னும், புள்ளி ஓரிடத்திலும் காயம் வேறிடத்திலுமாக இருக்கும். வெளிச்சம் போட்டுத் தேடுவோர் இருட்டில் மின்னும் கண்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மானின் கண் மின்னுவதுபோலவே கிடையில் படுத்திருக்கும் ஆட்டின் கண்ணும் மின்னும். ஆட்டுக்கு அருகில் கீதாரி படுத்திருப்பார். மோட்டார் போடப் போனவர் வரப்பில் வந்துகொண்டிருப்பார். ஒரு புள்ளியையே உற்றுப் பார்ப்பவருக்கு அதன் பின்னால் இருப்பது தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

வழக்கம் என்ற வாதம் இன்னும் ஆழமானது. மதுரை, திண்டுக்கல், சிவகங்கை வட்டாரங்களில் சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை போகும் ஊர்கள் இருந்தன; வனத்துறை கண்காணித்தும் ஆங்காங்கே இன்னும் நடக்கிறது. ஊர் கூடிப் போய், கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த உறவை இழிவாகப் பேசத் தேவையில்லை. ஆனால் வழக்கம் தனக்குள் வைத்திருந்த அளவு என்ன? ஆண்டில் குறித்த நாள், கால் போகும் தூரம், கையில் இருக்கும் கம்பு. ஆண்டு முழுக்க எந்த இரவிலும் நாலு பேர் பைக்கில் போய் லைட் அடித்து முயல் பிடிப்பதற்கு அந்த வழக்கத்தின் பெயரைச் சூட்டினால் அவமானப்படுவது வழக்கம்தான். மரபைக் காப்பாற்ற விரும்பும் ஊர்களுக்கு இன்னொரு மரபும் பக்கத்திலேயே இருக்கிறது. 1977இல் பறவைகள் சரணாலயமான வேட்டங்குடியில், வலசை வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று சுற்றியுள்ள கிராமத்தார் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அதிகாரிக்குப் பயந்து எடுத்த முடிவு அல்ல. ஊரே தன் கையைக் கட்டிக்கொண்டது.

ஆகவே இரவில் ஒளியை ஏந்தும் எவரிடமும் அறம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. கொல்லாமல் விரட்ட எல்லா வழியையும் பார்த்தாயிற்றா? கொல்லும் முடிவை எடுத்தது ஆசையா, பொறுப்பேற்றுப் பதில் சொல்லக்கூடிய அமைப்பா? இந்தக் கருவி வேதனையைக் குறைக்கிறதா, அல்லது எண்ணிக்கையைக் கூட்டுகிறதா? மூன்றுக்கும் நேர்மையான விடை இருந்தால் வனத்துறை ஊழியரின் கையில் இரவு நோக்கி குற்றமல்ல. ஒன்றுக்கேனும் விடை இல்லையென்றால் சாதாரண டார்ச்சும் குற்றமே.

இந்தக் கேள்விகளைப் பிறரிடம் கேட்கும் அரசுக்கும் சமூகத்துக்கும் ஒரு கடன் இருக்கிறது. பயிர் போனவருக்கு இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன் கையில் சேர வேண்டும். பன்றி வருகிறது என்று சொன்ன இரவே வனத்துறை வந்து நிற்க வேண்டும். அது நடக்காத ஊரில் விவசாயியிடம் மட்டும் பொறுமையை எதிர்பார்ப்பது, காட்டைக் காக்கும் செலவை ஏழையின் தலையில் ஏற்றுவதாகும். அந்தக் கடனைத் தீர்த்த பிறகு, பொழுதுபோக்குக்காக இருளில் ஒளி பாய்ச்சி உயிரெடுப்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லும் உரிமை நமக்கு முழுமையாகக் கிடைக்கும்: பார்க்கும் வல்லமை மனிதனுக்குக் கூடியிருக்கிறது, பார்த்ததையெல்லாம் சுடும் உரிமை கூடவில்லை.