மடியில் இருந்த பொன்வட்டில்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவிழாக் காலத்தில் எம்பெருமானைச் சேவிக்க வந்தவாசிக்கு எழுந்தருளியிருக்கும் பாகவதோத்தமர்களுக்கு அடியேன் தண்டன் ஸமர்ப்பித்துச் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது.

உற்சவம் என்பதே எம்பெருமான் தன் கர்ப்பக்ருஹத்தை விட்டு வீதிக்கு எழுந்தருளும் வைபவமாகும். மூலஸ்தானத்தின் பெருமைகளையெல்லாம் உள்ளே வைத்துவிட்டு, நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கும் அளவுக்குத் தன்னை எளியனாக்கிக்கொண்டு அவன் புறப்படுகிறான். இருந்த இடத்தை விட்டுப் புறப்படுவது பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல இந்நாளைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை.

நம் பக்கத்துக் குடும்பங்களில் இக்காலத்தில் அடிக்கடி நேர்கின்ற ஒரு சங்கடம் உண்டு. ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் கூடத்தில் குழித்தறி போட்டு வாழ்ந்த வீடுகள்; வந்தவாசிப் பக்கத்தில் நெல்லும் கோரையும் விளைவித்து வாழ்ந்த வீடுகள். முற்றம், தாழ்வாரம், பரண், நிலவறை என்று விசாலமாகக் கட்டப்பட்டவை அவை. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் உத்தியோகத்தின் பொருட்டுப் போய்விட்டார்கள். வயது முதிர்ந்த தாய் தகப்பனாரால் பெரிய வீட்டைப் பெருக்கி மெழுகிப் பராமரிக்க இயலவில்லை. இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபோக வேண்டியதாகிறது. அப்போது பரணிலிருந்து சாமான்களை இறக்குகிறார்கள். சீராக வந்த பித்தளை அண்டா, தவலை, வெண்கலப் பானை, நவராத்திரிக் கொலுப் பொம்மைகள், பிள்ளைகள் ஆடிய மரத்தொட்டில், பாட்டனார் வாசித்த ஓலைச்சுவடி, இயங்காமல் நிற்கும் தறி. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது கை தயங்குகிறது; கண் கலங்குகிறது. எதை எடுத்துச் செல்வது, எதை விடுவது, எவருக்குக் கொடுப்பது?

இது லௌகிகக் கேள்வி, இதற்கும் ஸம்ப்ரதாயத்திற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டா. நம் பூர்வாசார்யர்களின் சரித்திரத்திலேயே இக்கேள்விக்கு விடை இருக்கிறது.

இங்கிருந்து வடக்கே காஞ்சீபுரத்திற்கு அருகில் கூரம் என்னும் கிராமம் உள்ளது. அங்கே அவதரித்தவர் கூரத்தாழ்வான். பெருஞ்செல்வர், காலை முதல் இரவு வரை வந்தவர்க்கெல்லாம் அன்னமிட்டவர். இரவில் அவர் திருமாளிகைக் கதவு சாத்தப்படும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவி வரை எட்டியது என்றும், அது என்ன ஓசை என்று தாயார் பேரருளாளனைக் கேட்டருளினாள் என்றும் குருபரம்பரை கூறும். திருக்கச்சி நம்பிகள் மூலம் இதைக் கேள்வியுற்ற ஆழ்வான் மகிழவில்லை, நாணினார். தாம் செய்த தர்மத்திலும் செல்வத்தின் ஆரவாரம் கலந்திருந்ததே என்று வருந்தினார். உள்ளவற்றையெல்லாம் வழங்கிவிட்டு, எம்பெருமானாரின் திருவடிகளை நாடி, தேவியாரான ஆண்டாளுடன் திருவரங்கத்திற்குக் கால்நடையாகப் புறப்பட்டார்.

வழியில் ஒரு காடு குறுக்கிட்டது. இங்கே பயம் ஏதும் உண்டோ என்று ஆண்டாள் கேட்டார். மடியில் பொருள் இருந்தாலன்றோ பயம் என்று ஆழ்வான் விடையளித்தார். ஆண்டாள் தயங்கினார். ஆழ்வான் தினமும் அமுது செய்யும் பொன்வட்டிலை மட்டும் அவர் மடியில் மறைத்து எடுத்து வந்திருந்தார். ஆழ்வான் அதை வாங்கிப் புதரில் எறிந்துவிட்டு, இனி அச்சமில்லை, நடப்போம் என்றார்.

இவ்விருத்தாந்தத்தைக் கேட்பவர்கள் ஆழ்வானின் வைராக்யத்தைக் கொண்டாடுவார்கள். ஆண்டாளின் திருவுள்ளத்தையும் சற்றே நோக்க வேண்டும். அவ்வம்மையார் தமக்கென்று ஓர் ஆபரணத்தைக்கூட எடுத்து வரவில்லை. மாளிகை போயிற்று, நிலம் போயிற்று, நகைகள் போயின. அவற்றுக்கு அவர் கலங்கவில்லை. கணவர் எதில் அமுது செய்வார் என்ற ஒரே கவலையால் ஒரு வட்டிலை எடுத்து வந்தார். அதில் பொன்னாசை சிறிதும் இல்லை, அன்பே இருந்தது. அப்படியிருந்தும் காட்டில் பயம் வந்தது. இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். ஆசையால் பற்றிய பொருளை விடுவது ஒருவாறு எளிது. அன்பின் பெயரால் பற்றிய பொருளை விடுவதே அரிது. பரணில் இருக்கும் அண்டாவும் தொட்டிலும் நம்மைக் கலங்கச் செய்வது அவற்றின் விலையால் அன்று. அம்மா பொங்கிய பானை, மகன் உறங்கிய தொட்டில் என்ற நினைவே கையைப் பிடிக்கிறது. ஆழ்வான் எறிந்தது வட்டிலை. ஆண்டாளின் அன்பை அவர் எறியவில்லை. அந்த அன்பு திருவரங்கம் வரை கூடவே நடந்து சென்றது.

சென்ற இடத்தில் என்ன ஆயிற்று? அன்னதானம் செய்த கைகள் அங்கே உஞ்சவ்ருத்தி செய்தன. ஒருநாள் பெருமழை, வெளியே செல்ல இயலாமல் ஆழ்வான் பட்டினியாக இருந்தார். இரவில் கோயிலில் தளிகை அமுது செய்விக்கும் ஓசை கேட்டது. உன் அடியவர் பசித்திருக்க நீ அமுது செய்கிறாயோ என்று ஆண்டாள் உள்ளத்தில் நினைத்தார். அந்த நினைவு அரங்கனை எட்டியது. ப்ரஸாதம் மேளதாளத்துடன் அவர்கள் சிறு குடிலுக்கே வந்து சேர்ந்தது. பெரிய வீட்டின் கதவோசை காஞ்சிக்குக் கேட்டது; சிறிய வீட்டில் ஓசையே இல்லாத ஒரு நினைவு அரங்கனுக்குக் கேட்டது. வீடு சுருங்கியதால் பெருமாளுக்கும் நமக்கும் உள்ள தூரம் கூடிவிடாது என்பதற்கு வேறு ப்ரமாணம் வேண்டுமோ?

ஆழ்வான் தாமே விரும்பி விட்டார். நாங்களோ இடமில்லாத காரணத்தால் விடுகிறோம். நிர்ப்பந்தத்தால் விடுவது எப்படித் தானமாகும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இதற்கு ஸ்ரீராமாயணத்தில் அயோத்யா காண்டம் விடை சொல்கிறது.

சக்ரவர்த்தித் திருமகன் நாட்டை விட்டது தானாக விரும்பியா? கைகேயியின் வரத்தால் நேர்ந்த நிர்ப்பந்தம் அது. ஆயினும் புறப்படுமுன் அவன் செய்ததைப் பாருங்கள். தன் பொருள்களைத் தானே முன்னின்று பகிர்ந்தளித்தான். வஸிஷ்டரின் குமாரர் ஸுயஜ்ஞருக்கு ஆபரணங்களையும், தன் யானையாகிய சத்ருஞ்ஜயத்தையும் கொடுத்தான். திரிஜடர் என்னும் ஏழை அந்தணர் தம் தடியை எறிந்த தூரம் வரை நின்ற பசுக்களை அவருக்கு அளித்தான். தன்னை அண்டிப் பிழைத்த பணியாளர்களை அழைத்து, தான் இல்லாத காலத்திலும் அவர்கள் வாழ்க்கை நடைபெறப் பொருள் கொடுத்தான். ஸீதாப்பிராட்டியின் பொருள்களில் அவன் கை வைக்கவில்லை. நீயே உன் கையால் கொடு என்றான். பிராட்டியும் மகிழ்ந்து கொடுத்தாள். பிறகு தசரதன் சேனையையும் பொக்கிஷத்தையும் உடன் அனுப்ப முற்பட்டபோது, யானையையே கொடுத்துவிட்டவனுக்கு அதைக் கட்டிய கயிற்றின்மேல் ஆசை எதற்கு என்னும் கருத்துப்பட மறுத்தான். அயோத்தியின் செல்வமனைத்திலும் அவன் கேட்டு வாங்கியவை மரவுரியும், கிழங்கு அகழ ஒரு மண்வெட்டியும், ஒரு கூடையுமே. சித்ரகூடத்தில் இளையபெருமாள் அமைத்த பர்ணசாலைக்கு அவை போதுமானவையாக இருந்தன.

விடும்படி நேர்வது நம் கையில் இல்லை. விடுவதைத் தானமாக்குவது நம் கையில் இருக்கிறது. வீடு மாறும் நாளன்று அவசரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டால் அது இழப்பு. அதே பொருளை ஒரு மாதம் முன்னதாகவே தகுந்தவர் கையில் சேர்த்தால் அது கைங்கர்யம்.

ஆகவே குடிமாறும் க்ருஹஸ்தர்களுக்குச் சில விண்ணப்பங்கள்.

முதலாவது, பொருள்களை மூன்றாகப் பிரியுங்கள். திருவாராதனத்திற்கு வேண்டியவை, தேகயாத்திரைக்கு வேண்டியவை, பிறர்க்கு வேண்டியவை. எனக்குப் பிடித்தவை என்று நான்காவதாக ஒரு குவியல் தானே வளரும். அந்த நான்காவது குவியலே ஆண்டாளின் மடி. அதிலிருந்து ஒன்றிரண்டை வைத்துக்கொண்டால் குற்றமில்லை. குவியல் முழுவதும் கூடவே வந்தால், புது வீட்டில் பெருமாளுக்கும் நமக்கும் இடமிராது.

இரண்டாவது, ஸாளக்ராமமும் திருவாராதன மூர்த்திகளும் முதலில் புறப்பட வேண்டும். எத்தனை சிறிய வீடானாலும் அவர்களுக்கு ஒரு மாடம் கிடைக்கும். ஆராதனம் செய்ய இனி இயலாது என்னும் நிலை வந்தால், செய்யக்கூடிய உறவினரிடமோ ஆசார்யரின் மடத்திலோ கோயிலிலோ முறைப்படி ஸமர்ப்பிக்கலாம், விலை பேசலாகாது. பழைய திருவுருவப் படங்களை மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். கோயில் அர்ச்சகரைக் கேட்டு, அவர் சொல்லும் வண்ணம் செய்யுங்கள்.

மூன்றாவது, ஓலைச்சுவடிகளை எடைக்குப் போடாதீர்கள். படிக்கத் தெரியாத ஓலையில் எந்த வ்யாக்யானம் இருக்கிறதோ, யார் அறிவார்? 1869-ல் தொடங்கப்பெற்ற அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், 1943-ல் நிறுவப்பெற்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையமும் சென்னையில் இருக்கின்றன. அத்தகைய இடங்களில் சேர்த்தால் உங்கள் பாட்டனாரின் எழுத்து உங்கள் பேரனுக்குப் பின்னும் வாழும்.

நான்காவது, கொடுப்பதை நல்ல நிலையில் கொடுங்கள். கடோபநிஷத்தில் நசிகேதஸ்ஸின் தகப்பனார் பால் வற்றிய பசுக்களைத் தானம் செய்தபோது, பாலகனான மகன் அதைக் கண்டு மனம் பதைத்தான். காலுடைந்த நாற்காலியும் கிழிந்த மெத்தையும் ஏழை வீட்டுக்குப் போவது தானமாகாது. நம் வீட்டுக் குப்பை அவர் வீட்டுக்கு மாறுகிறது, அவ்வளவே. நல்ல அண்டாவைக் கோயில் மடைப்பள்ளிக்கோ அன்னதானக் கூடத்திற்கோ கொடுங்கள். தறியை விறகாக்காமல், நெய்யும் கை உள்ளவருக்குக் கொடுங்கள். பட்டுச் சேலை பெட்டியில் மடித்தபடியே பல ஆண்டு கிடந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும் என்பதை ஆரணித் தறிக்காரர் எவரும் சொல்வார். சரிகையை உருக்கி வெள்ளி எடுப்பவரிடம் அது போவதற்கு முன், ஏழைப் பெண்ணொருத்தி கல்யாணத்தில் உடுத்தட்டும்.

ஐந்தாவது, இது பிள்ளைகளுக்கு. பெற்றோரின் பொருள்களை அவர்கள் கண்மறைவில் அகற்றாதீர்கள். ஸ்ரீராமபிரானே பிராட்டியின் பொருள்களை அவள் கையாலேயே கொடுக்கச் செய்தான். தாயார் ஒரு பானையைக் கையில் வைத்துக்கொண்டு பழங்கதை சொன்னால், அதை முழுதும் கேளுங்கள். கதையைப் பிள்ளை வாங்கிக்கொண்டால், பானையைத் தாயார் எளிதில் விட்டுவிடுவாள்.

இத்தனைக்கும் மேலாக, எம்பெருமானே இடம்பெயர்ந்து வாழ்ந்து காட்டியிருக்கிறான். 1323-ம் ஆண்டு திருவரங்கத்தின் மீது படையெடுப்பு நேர்ந்தபோது, ஏழு ப்ராகாரங்கள் சூழ்ந்த பெரிய கோயிலை விட்டு நம்பெருமாள் வெளியேற வேண்டியதாயிற்று. முதிர்ந்த வயதினரான பிள்ளை லோகாசார்யர் உடன் சென்றார். வழியில் கள்வர் சூழ்ந்தபோது, தம்மிடமிருந்த பொருள்களையெல்லாம் அவர் தயங்காமல் கொடுத்துவிட்டார். பெருமாளைக் காப்பதொன்றே அவருக்கு வேண்டியிருந்தது. மதுரைக்கு அருகில் ஜ்யோதிஷ்குடியில் அவர் பரமபதித்தார். நம்பெருமாள் மலைநாடு, திருநாராயணபுரம், திருமலை என்று பல இடங்களில் தங்கினார். திருமலையில் அவர் எழுந்தருளியிருந்ததை நினைவூட்டும் ரங்கநாயக மண்டபத்தை இன்றும் சேவிக்கலாம். நிறைவாகச் செஞ்சியை ஆண்ட கோபணார்யர் அவரை எழுந்தருளப்பண்ணி வந்து, நம் பக்கத்துச் சிங்கவரத்தில் ஆராதித்து, 1371-ல் திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டை செய்தார். ஏறத்தாழ 48 ஆண்டுகள்! காட்டிலும் குகையிலும் சிறு மண்டபத்திலும் இருந்தபோது அவன் அரங்கனாக இல்லாமற் போனானோ? பெரிய கோயில் அவனுக்குப் பெருமை தரவில்லை. அவன் இருந்ததால் அது பெரிய கோயில்.

இவ்வூரில் ஒரு கோட்டை இருந்தது. 1760-ம் ஆண்டு ஜனவரி 22-ம் நாள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதன் வெளியில் பெரும்போர் புரிந்தனர். வென்ற கூட்டும் போய்விட்டார், தோற்ற லாலியும் போய்விட்டார், கோட்டையும் இடிந்தது. எனது என்று பற்றிய எதுவும் எவருடனும் செல்லவில்லை. அதே ஊரில், அன்றாடம் ஏழைகள் வாங்கிப் படுக்கும் கோரைப்பாய் இன்றும் நெய்யப்படுகிறது. விரித்தால் படுக்கை, சுருட்டினால் ஒரு மூலை. பாய் சுருண்டதும் அறை விரிகிறது. நம் ஸம்ப்ரதாயம் மமகாரம் என்று சொல்லும் எனது என்னும் எண்ணமும் அவ்வாறே. அது சுருங்கச் சுருங்க உள்ளே இடம் விரியும். அவ்விடத்தில் எழுந்தருள அவன் காத்திருக்கிறான்.

என்றேனும் ஒருநாள், உடல் என்னும் இவ்வீட்டையும் காலி செய்து புறப்பட வேண்டியவர்களே நாம் அனைவரும். அப்பயணத்தில் மடியில் எதையும் கட்டிக்கொள்ள முடியாது. ஆசார்ய ஸம்பந்தம் ஒன்றே உடன் வரும். வீடு மாறும்போது ஒரு தவலையை மலர்ந்த முகத்தோடு பிறர் கையில் கொடுப்பவர், அப்பெரும் பயணத்திற்கு இப்போதே பழகிக்கொள்கிறார். கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம் என்று சொல்லிக்கொண்டு பரணில் ஏறுங்கள். இறக்கும் சுமை இலகுவாகும்.

ஸர்வே ஜனா: ஸுகினோ பவந்து.
சுபம்.