ஒரு ராத்தல் தானியம்

1877ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் தானிய அளவு ஒன்றை முன்வைத்து மல்லுக்கு நின்றார்கள். தாது வருஷப் பஞ்சம் உச்சத்தில் இருந்த நேரம். வைசிராய் லிட்டன் பிரபு அனுப்பிவைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ராத்தல் என்பது சுமார் 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், போதாது என்றார். ஒன்றரை ராத்தலாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று குறிப்பு மேல் குறிப்பு எழுதினார். சிறையில் கைதிக்குப் போடும் சாப்பாடே இதைவிட அதிகம் என்பது அவர் வாதங்களில் ஒன்று. மாகாண அரசு கடைசியில் நடுவாந்தரமாக இறங்கி வந்தது. ஒன்றேகால் ராத்தல், கொஞ்சம் பருப்பு. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான கணிப்பு.

நான் செய்யும் வேலைக்கு வம்சாவளி எழுதினால் அதை இந்தச் சண்டையிலிருந்துதான் தொடங்குவேன். பஞ்சம், போர், புயல், அகதி முகாம் ஆகியவற்றில் உதவி எப்படிப் போகிறது, யார் கைக்குப் போகிறது, யார் தீர்மானிக்கிறார்கள் என்று ஆராய்வது என் வேலை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் “புயல், சுனாமி பற்றி ஆராய்ச்சி” என்பேன். “ஓ, வானிலையா?” என்பார்கள். ஆமாம் என்று விட்டுவிடுவேன். பல்கலைக்கழகங்களுக்குள் இது ரொம்பப் பழைய துறை அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் பார்பரா ஹாரல்-பாண்ட் அகதிகள் ஆய்வுக்கென ஒரு மையத்தைத் தொடங்கியது 1982இல். மனிதாபிமான உதவியை ஆராய்கிறவர்களுக்கென்று உலக அளவிலான மாநாடு ஒன்று நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் கூடியது 2009இல். இன்று இதற்கு முதுகலைப் படிப்புகள், ஆய்விதழ்கள், பேராசிரியர் நாற்காலிகள் எல்லாம் உண்டு.

அந்த நாற்காலிதான் என்னை உறுத்துகிறது. எங்கோ நிலம் நடுங்கினால் சில வாரங்களில் ஆய்வு நிதிக்கான அறிவிப்பு வருகிறது. முகாம் நிரம்பினால் கட்டுரை பிறக்கிறது, கட்டுரை பிறந்தால் பதவி உயர்வு. மருத்துவர்களும் பிறர் நோயில்தானே பிழைக்கிறார்கள் என்று நண்பர்கள் சமாதானம் சொல்வார்கள். மருத்துவர் கையில் மருந்து இருக்கிறது. என் கையில் இருப்பது கேள்வித்தாள்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரத்துக்கு வந்த கேள்வித்தாள்களுக்குக் கணக்கே இல்லை. மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். சுனாமிக்காக உலகமெங்கும் திரண்ட தொகை சுமார் 1,350 கோடி டாலர். பணம் வந்த இடத்துக்கு அதை மதிப்பிடுகிறவர்களும் வந்தார்கள், மதிப்பிட்டவர்களை ஆராய நாங்கள் வந்தோம். மீனவக் குப்பம் ஒன்றில் ஒரு அக்கா என் கேள்வித்தாளைப் பார்த்ததுமே சொன்னார்: “இதையேதான் தம்பி நாலஞ்சு பேரு வந்து எழுதிட்டுப் போனாங்க. அவுங்ககிட்ட வாங்கிப் பாத்துக்கங்களேன். எனக்கு மீன் ஏலத்துக்கு நேரமாவுது.” நியாயம். அவர்களிடம் வாங்கிப் பார்க்க முடியாது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஒருவர் சேகரித்த தரவை இன்னொருவர் தொடமுடியாதபடி வேலி போட்டு வைத்திருக்கிறோம். அறநெறிக் குழுவின் ஒப்புதல், தனியுரிமை என்று அதற்குக் காரணங்களும் உண்டு. அவற்றில் பாதி உண்மை. மீதிப் பாதி, முதலில் பிரசுரிக்கும் ஆசை.

அந்தக் கரையில் உருப்படியாக நான் தெரிந்துகொண்டது என்று சொன்னால், அது கேள்வித்தாளில் இல்லாதது. நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் போனது. பஞ்சாயத்து பட்டியல் கொடுத்தது. பட்டியலில் படகு வைத்திருந்தவர்கள் முதலில் வந்தார்கள். கட்டுமரம் இழந்தவர்களுக்கும் ஃபைபர் படகு கிடைத்து, சுனாமிக்கு முன் இருந்ததைவிடக் கடலில் படகு கூடிப்போனது. கரையை ஒட்டிய வயல்களில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும், மீன் தலைச்சுமையாக விற்ற விதவைகளும் பட்டியலின் ஓரத்துக்குப் போனார்கள், பல இடங்களில் பட்டியலுக்கே வெளியே போனார்கள். யாரும் சதி செய்யவில்லை. பாதிக்கப்பட்டவர் என்றால் மீனவர், மீனவர் என்றால் படகு உள்ளவர் என்று படிவம் நினைத்தது. அவ்வளவுதான். பேரிடரில் ஆட்சி என்பது மேடையில் பேசும் மந்திரியைவிட அதிகமாக இந்தப் படிவத்தில்தான் நடக்கிறது.

டெம்பிளை வில்லனாக்குவது எளிது. பலரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அவர் முன்கதையைக் கேளுங்கள். 1873-74இல் பீகாரில் விளைச்சல் பொய்த்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக இறக்கித் தாராளமாகக் கொடுத்தார். பட்டினிச் சாவு ஏறக்குறைய இல்லை. அதற்கு அவருக்குக் கிடைத்தது வசவு: அரசாங்கப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று. சென்னைக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே பாடம் கற்றிருந்தார். ஒரு நெருக்கடியில் கற்ற பாடம் அடுத்த நெருக்கடியில் உயிர் காக்கும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் துறையே ஓடுகிறது. பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தது அது.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிச் சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளை ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ எழுதினார். பசி தாங்காமல் மதுரைச் சொக்கநாதரிடம் போய் நிற்கும் மக்களுக்கு அந்த ஆண்டவன் சோறு போடவில்லை. சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். நிவாரண நிர்வாகம் பற்றி இதைவிடக் கூர்மையான கேலியை நான் எந்த ஆய்விதழிலும் படித்ததில்லை. ஆண்டவனிடம் போனாலும் சிபாரிசுக் கடிதம்தான்.

கடிதத்தை விதியாக மாற்றும் வேலை பிறகு நடந்தது. 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது, அதிலிருந்து மாகாணங்களுக்குப் பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. எந்த அறிகுறி தெரிந்தால் நிவாரண வேலை தொடங்க வேண்டும், எவருக்கு எவ்வளவு கூலி, வேலை செய்ய முடியாதவர்களுக்கு என்ன என்று எழுதிவைத்தார்கள். இன்றைய முகாம்களுக்கான அளவுகள் பிறந்த கதையும் இதே மாதிரிதான். 1994இல் ருவாண்டாவிலிருந்து எல்லை தாண்டி ஓடிவந்தவர்கள் கோமா நகரில் காலராவால் பல்லாயிரக்கணக்கில் இறந்தார்கள். உதவி நிறுவனங்கள் அதன்பின் கூடி ‘ஸ்பியர்’ கையேட்டை உண்டாக்கின. ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி, 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. மாணவர்களுக்கு இந்த எண்களைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். மனிதரைக் கலோரியாகக் குறுக்குகிறோமே என்று. சுளிக்கட்டும். ஆனால் எழுதப்பட்ட எண் இல்லாவிட்டால் கொடுப்பவர் கொடுத்ததுதான் அளவு. கார்னிஷால் வாதாட முடிந்ததற்குக் காரணம், சிறைச் சாப்பாடு என்று ஓர் அளவு ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது.

எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறவும் செய்வோம். சூடானின் டார்ஃபூரில் 1984-85இல் பஞ்சம். உணவு போய்ச் சேராவிட்டால் பெருந்திரளாகச் சாவார்கள் என்று வெளியிலிருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். அலெக்ஸ் டி வால் என்ற இளம் ஆய்வாளர் அங்கே போய்த் தங்கிக் கேட்டபோது வேறொரு படம் கிடைத்தது. மக்கள் விதைத் தானியத்தையும் கால்நடையையும் காப்பாற்றுவதற்காகத் தெரிந்தே பட்டினி கிடந்தார்கள். முகைத் என்ற காட்டுக்காயை ஊறவைத்துக் கசப்பை நீக்கித் தின்றார்கள். அவர்கள் பயந்தது, பஞ்சம் முடிந்த பின் ஊரில் வாழ வழியில்லாமல் போவதற்கு. இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நோய்: நெரிசல், கெட்ட தண்ணீர், தட்டம்மை. 1989இல் அவர் புத்தகம் வந்தபின் பஞ்சத்தைப் பார்க்கும் கண்ணே மாறியது. அவர் கொண்டுபோனதும் கேள்விகள்தான். பதில் சொல்பவர் பேச்சு கேள்வியை மாற்ற விட்டார், அதற்குத் தேவையான காலம் தங்கினார். மூன்று வார விசாவில் அது நடக்காது.

தெரிந்துகொண்டால் போதுமா என்பது அடுத்த கேள்வி. இலங்கையின் வன்னியில் நடந்த இறுதிப்போர் நினைவு வராமல் இதை எந்தத் தமிழராலும் எழுத முடியாது. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். 2009இன் முதல் மாதங்களில் உள்ளே எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று ஐ.நா.வுக்குள்ளேயே சிலர் கவனமாகச் சரிபார்த்துக் கணக்கெடுத்தார்கள். அதை வெளியில் சொல்ல மேலிடம் தயங்கியது. 2012 நவம்பரில் வெளிவந்த சார்லஸ் பெட்ரி குழுவின் அறிக்கை ஐ.நா. அமைப்பே அங்கு தவறிவிட்டது என்றது. கணக்கு இருந்தது, கணக்கைச் சொல்லும் தைரியம் இல்லை. நல்ல தரவு இருந்தால் நல்ல முடிவு வரும் என்று முதல் வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுப்பதை அந்த அறிக்கைக்குப் பிறகு நான் சொல்வதில்லை. ஆனாலும் அந்தக் கணக்கு எடுக்கப்படாமல் போயிருந்தால், தெரியாது என்று எல்லோரும் தப்பித்திருப்பார்கள். தெரியாது என்று சொல்லும் வசதியை அவர்களிடமிருந்து பறித்தது பெரிய வெற்றியா என்று கேட்டால், இறந்தவர்களுக்கு இல்லை.

இதைவிடச் சங்கடமான ஒன்று இருக்கிறது. டெம்பிளும் கார்னிஷும் ராத்தலைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏறிக்கொண்டிருந்தது. ராத்தல் சண்டையில் கப்பல் வரவே இல்லை. ஒன்றரை ராத்தல் கேட்பவர், கேட்கும்போதே அந்தத் தராசை ஒப்புக்கொண்டுவிடுகிறார். மண் சுமந்தால்தான் சோறு என்பதை ஒப்புக்கொள்கிறார், பஞ்சத்தை உண்டாக்கிய ஏற்பாட்டைத் தொடாமல் விடுகிறார். எங்கள் துறையைப் பற்றிச் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளிலேயே நான் பதில் சொல்லத் திணறுவது இதற்குத்தான். முகாமில் கழிப்பறை எண்ணிக்கையைப் பற்றி நாற்பது பக்கம் எழுதுகிறோம். முகாம் ஏன் இருபது வருஷமாக இருக்கிறது என்பது பின்குறிப்பில் வருகிறது. நிதி கொடுப்பவரும் கழிப்பறைக்குத்தான் கொடுக்கிறார்.

எனக்கு இதில் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தவர் தாதாபாய் நௌரோஜி. 1876இல் அவர் இந்தியாவின் வறுமை பற்றிய தம் கட்டுரையை வாசித்தார். ஓர் ஆளின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று கணக்கிட்டார். அது போதுமா என்று பார்க்க அவர் எடுத்த அளவுகோல்கள் என்ன தெரியுமா? கடல் கடந்து அனுப்பப்பட்ட கூலிகளுக்குக் கப்பலில் கொடுத்த உணவுப் பட்டியல், சிறைக் கைதிக்கு ஆகும் செலவு. கைதிக்குக் கிடைப்பதுகூட சாதாரணக் குடிமகனுக்கு எட்டாது என்று காட்டி, செல்வம் எங்கே வடிகிறது என்ற கேள்விக்குப் போனார். கார்னிஷ் தம் வாதத்துக்கு எடுத்த அதே மாதிரியான சிறைக்கணக்கு, நௌரோஜி கையில் கப்பலை நோக்கித் திரும்பியது. சிறை வைத்தியர்களும் கப்பல் வைத்தியர்களும் அந்தப் பட்டியல்களை எழுதியபோது இப்படி ஒரு பயன் வரும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். அதனால்தான் சின்ன அளவுகளை ஒழுங்காக எழுதிவைக்கும் வேலையை நான் ஏளனம் செய்வதில்லை. பெரிய கேள்வி கேட்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு படிவத்தையும் திறந்து பார்க்காத சக ஆய்வாளர்கள் மீது எனக்கு மரியாதை குறைவு. இதை அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

இப்போது அளவுகளே காணாமல் போகும் காலம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பின் 1985இல் அமெரிக்க அரசு தொடங்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை வலையமைப்பு, 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியெல்லாம் நிறுத்தப்பட்டபோது இணையத்திலிருந்தே மறைந்தது. பல மாதங்கள் கழித்துத்தான் ஓரளவு திரும்பி வந்தது. எச்சரிக்கை இருந்தும் காப்பாற்றாமல் விட்ட வரலாறு உண்டு. 2011இல் சோமாலியாவில் பஞ்சம் என்று அறிவிக்கும் முன்பே, பின்னால் கணக்கிடப்பட்ட இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சாவுகளில் ஏறக்குறைய பாதி நடந்துவிட்டிருந்தது. இனி அந்தத் தாமதத்தைக் குற்றம் சாட்டவும் ஏடு இருக்குமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. துறையில் வேலைகளும் போய்க்கொண்டிருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்த இளம் ஆய்வாளர்கள் எழுதும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது எனக்கு இப்போது தனி வேலை.

இந்த நிலையில் போன ஆண்டு ஒரு மாணவி, முனைவர் பட்டத்துக்குச் சேரலாமா அல்லது தொண்டு நிறுவனத்தில் கிடைத்த வேலைக்குப் போகலாமா என்று கேட்டார். அக்கா ஒருத்திக்குக் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் கடன். வேலைக்குப் போ என்றேன். அவர் கேட்கவில்லை, ஆய்வுக்கே வந்தார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மரங்கள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. இழப்பீடு விழுந்த மரத்தை எண்ணிக் கொடுக்கப்பட்டது. மரம் ஏறியவருக்கும் மட்டை உரித்தவருக்கும் கீற்று முடைந்த பெண்ணுக்கும் மரம் கிடையாது. அந்த வேலை திரும்பிவர எத்தனை வருஷம் ஆனது, அதுவரை அவர்கள் எதைத் தின்றார்கள், எங்கே போனார்கள் என்பதுதான் அவர் தலைப்பு. கணக்கெடுப்பில் பயன்படுத்திய படிவத்தின் வெற்றுப் பிரதியைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறார். கூலிக்கு ஒரு கட்டம் அதில் இருந்ததா, இருந்து யாரும் நிரப்பவில்லையா என்று அவர் பார்க்க வேண்டும்.